நேரில் சென்று பார்வையிட்டேன்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் கோப்புக் கட்டு வரும். பியூன் அதை ஓவர்சியரின் மேசையில் கொண்டுவந்து வைப்பார். வைப்பதற்கு முன்பே, கையெழுத்து விழ வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். ஓவர்சியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தைப் புரட்டி, குறியைத் தேடி, அதன்மேல் பேனாவை ஓட்ட வேண்டும். முப்பது கோப்புக்கு இருபது நிமிஷம். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அவை புதிதாகக் கட்டிய வீடுகளுக்கான நிறைவுச் சான்றுகள். வரைபடத்தில் உள்ளபடி வீடு கட்டியிருக்கிறார்களா, குடிநீர்த் தொட்டி எங்கே, கழிவுத் தொட்டி எங்கே, இரண்டுக்கும் நடுவில் விதிப்படி இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று நேரில் போய் அளந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 'நேரில் சென்று பார்வையிட்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளமும் பெட்ரோல் படியும் ஓர் அளவு நாடாவும் கொடுத்திருந்தார்கள். அந்த நாடா பதினாறு வருஷமாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக்கூட அவர் பிரிக்கவில்லை.

ஆனால் கேட்டுப் பாருங்கள், ஊரில் அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வராது. 'உடனடி சார்' என்று பேர் வாங்கியிருந்தார். "அவர்கிட்ட போனா அலைய விடமாட்டாருப்பா, தங்கமான மனுஷன்" என்பார்கள். கையை நீட்டி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து வைப்பார். அதில் யாராவது கவர் போட்டுவிட்டுப் போனால் அது அவர்கள் இஷ்டம். ஜனங்களைக் காக்க வைக்காமல் உபகாரம் செய்கிறோம் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். கெடுதல் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவனையாவது ஒரு நாள் உட்கார வைத்துப் பேசலாம், இவரிடம் என்ன பேசுவது?

அன்றைக்கும் பேனா ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தரகர் போன் செய்தார். எதைப் பேசினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் அவருக்கு 'முடிஞ்சது' என்றே பேராகிவிட்டது.

"சார், நீங்க கேட்ட மாதிரியே வீடு. ரெண்டு ரூம், முன்னாடி போர்ட்டிகோ, வாசல்ல டைல்ஸ். சொந்தக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, சாவி என்கிட்ட. முடிஞ்சதுன்னு வெச்சுக்கோங்க."

ஓவர்சியர் சந்தோஷத்தில் அடுத்த ஆறு கோப்புகளை இன்னும் வேகமாக முடித்தார்.

பன்னிரண்டு வருஷமாக வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். பத்து வயது மகள் படம் வரைவதில் கெட்டிக்காரி. வரைந்ததையெல்லாம் ஒட்ட இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். "நம்ம வீடு வாங்கினா என் ரூம் செவுரு முழுக்க ஒட்டுவேன், யாரும் திட்டக்கூடாது" என்று அப்பாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். துணியை வெட்டுமுன் இரண்டு தடவை அளந்து பார்க்கிறவள். அவளோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் வீடு வாங்கிச் சூடுபட்டவள். வீடு பிடித்துப்போன பிறகு என்னென்ன செய்ய வேண்டும், எதற்குப் பிறகு எது என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். வக்கீல் மூலப் பத்திரம் தொட்டு எல்லாவற்றையும் படிக்க வேண்டும். வில்லங்கம் பார்க்க வேண்டும். நகராட்சிச் சான்றை வாங்கி, வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டட வேலை தெரிந்த நம்முடைய ஆள் ஒருவர் வீட்டைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். அட்வான்ஸ் அதற்கெல்லாம் அப்புறம்தான். பேங்க் கடனும் பத்திரப் பதிவும் அதற்கும் அப்புறம். 'நம்முடைய ஆள்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வீடு பார்க்கப் போனார்கள். புதுசாகப் பெயின்ட் அடித்து வீடு பளிச்சென்று இருந்தது. ஒரே மாதிரி ஆறு வீடுகள் வரிசையாக நின்றன, இவர்களுடையது நான்காவது. மகள் ஓடிப்போய்த் தன் அறைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். மனைவி போர்ட்டிகோவில் நின்று கீழே பார்த்தாள்.

"தண்ணித் தொட்டி எங்க இருக்கு?"

"நீங்க நிக்கறதே அது மேலதாம்மா" என்றார் முடிஞ்சது. "மூடி வெளிய தெரியாத மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க."

"அப்ப கழிவுத் தொட்டி?"

"அதுவும் இங்கதான் எங்கயாவது இருக்கும். எதுக்கும்மா அதெல்லாம்?"

"ரெண்டையும் ஒரு தடவை திறந்து பார்த்துடலாமே."

தரகர் ஓவர்சியரைப் பார்த்துச் சிரித்தார். "சார் நகராட்சில ஓவர்சியர். சாருக்குத் தெரியாததையா நான் மறைச்சுடப் போறேன்? டைல்ஸ் உடைஞ்சா வெளிநாட்டுக்காரர் என்னைத்தான் கேப்பாரு."

மனைவி கணவரைத் தனியாக அழைத்தாள். "என்னங்க, எங்க அண்ணன் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும். முப்பது வருஷமா கொத்து வேலை பார்க்கறவரு. ஒரு மணி நேரம் போதும்."

அவ்வளவுதான், ஓவர்சியருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உங்க அண்ணன் கரண்டியைத் தூக்கிட்டு வந்து எனக்கு வீடு பார்க்கச் சொல்லித் தரணுமா? இந்த ஊர்ல ஆயிரம் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். வெளிய தெரிஞ்சா என் கௌரவம் என்ன ஆகறது?"

அவள் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று மாலையே அட்வான்ஸ் போயிற்று. எல்லாம் பார்த்த பிறகு போக வேண்டியது முதலில் போயிற்று.

அதற்கப்புறம் எல்லாம் ஜோராக நடந்தது. வக்கீல், பத்திரங்களின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். நகராட்சிச் சான்றில் முத்திரை இருந்தது. "உங்க ஆபீஸ் முத்திரையே இருக்கு, அப்புறம் என்ன சார்?" என்று சிரித்துக்கொண்டே 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். பேங்க் அனுப்பிய என்ஜினீயர் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு போட்டோ எடுத்தார், "எத்தனை ரூம் சார்?" என்று கேட்டார். பேங்க் மேனேஜர் வக்கீல் எழுதியதையும் என்ஜினீயர் எழுதியதையும் நம்பினார். பேங்கே கடன் கொடுக்கிறது, அவன் பார்க்காமலா கொடுப்பான் என்று ஓவர்சியர் நம்பினார். ஒருத்தர் முதுகைப் பார்த்து ஒருத்தர் வரிசையில் நின்றார்கள். வரிசையின் முன்னால் போய் வீட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பத்திரப் பதிவு அன்றைக்கு எழுத்தர் தாள்களை அடுக்கி நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி. வீட்டின் எல்லா ஆவணங்களையும் அந்தக் கட்டிலேயே பின்னால் இணைத்திருந்தார்கள். புரட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஓவர்சியர் பழக்கதோஷத்தில் குறிகளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சாவி கைக்கு வந்தது. மகள் அன்று சாயங்காலமே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துச் சுவர் முழுக்கப் படங்களை ஒட்டினாள்.

நாலு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆறாம் நாள் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு இருவரையும் வெளியே அழைத்தார்.

"ஈரல் ரொம்ப மோசமா பாதிச்சிருக்கு. இப்போதைக்கு எதுவும் உறுதியா சொல்ல முடியாது. கெட்ட தண்ணியால வந்தது. வீட்டுல என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"நகராட்சித் தண்ணிதான். தொட்டில பிடிச்சு வெச்சு மேல ஏத்தறோம்" என்றாள் மனைவி.

"அந்தத் தொட்டியைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?"

ஓவர்சியர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

மச்சான் மறுநாள் காலை கடப்பாரையோடு வந்தார். தன்னை ஏன் முன்பே கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. போர்ட்டிகோ டைல்ஸைச் சுத்தியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இரண்டு இடத்தில் உடைத்தார். முதல் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். நாலடி தள்ளி இரண்டாவது மூடியைத் தூக்கினார். நாற்றம் குப்பென்று அடித்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, இங்க வாங்க."

ஓவர்சியர் போனார்.

"ரெண்டு தொட்டி இல்ல இது. ஒரே குழியை வெட்டி நடுவுல ஒத்தைக்கல் செவுரு எடுத்திருக்கான். பூசவும் இல்ல. இந்தப் பக்கம் குடிக்கற தண்ணி, அந்தப் பக்கம் அது. மழைல அந்தப் பக்கம் ரொம்புச்சுன்னா செவுத்து வழியா இங்க கசியும்." மச்சான் மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். "மூடியைத் தூக்கினா சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் மாப்ள. இதை எவன் பார்த்துட்டு விட்டான்?"

ஓவர்சியர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

உடைக்கிற சத்தம் கேட்டு இரண்டாவது வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் அவருடைய ஆறு வயது மகன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான் என்று குடிவந்த புதிதிலேயே மனைவி கேள்விப்பட்டிருந்தாள். டிரைவர் இரண்டு திறப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, எங்க வீட்டையும் ஒரு தடவை திறந்து பார்த்துடறீங்களா?"

பார்த்தார்கள். அதே குழி, அதே ஒத்தைக்கல் சுவர். டிரைவர் மூடியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பையன் வெளியில எதையோ வாங்கித் தின்னுட்டான்னு நெனைச்சோம் சார். எதுக்குடா கண்டதையும் தின்னேன்னு ஆஸ்பத்திரில வெச்சே அவனைத் திட்டினேன். நான் எதுவும் திங்கலப்பான்னு சொல்லிட்டே இருந்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நகராட்சிலதான இருக்கீங்க? இந்த ஆறு வீட்டுக்கும் யாரோ ஒருத்தர் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருப்பாருல்ல? அவர் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"பார்க்கறேன்" என்றார் ஓவர்சியர்.

வீட்டு ஆவணக் கட்டு பேங்கில் அடமானமாக இருந்தது. அதனால் அலுவலகத்துப் பதிவறைக்குப் போனார். அந்தத் தெரு அவருடைய பகுதி அல்ல. அங்கே இருந்த ஓவர்சியர் ஒரு சோம்பேறி என்று இவருக்கு ஏற்கெனவே இளப்பம் உண்டு. அவன் வேலையாகத்தான் இருக்கும், இன்றைக்கு அவனை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கோப்பைப் பிரித்தார்.

ஆறு சான்றுகளும் ஒரே தேதியில் இருந்தன. 'நேரில் சென்று பார்வையிட்டேன். குடிநீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் இடையே விதிப்படி இடைவெளி உள்ளதை அளந்து பார்த்தேன்.' கீழே அவருடைய கையெழுத்து. வால் நீண்டு வளைந்த அதே கையெழுத்து. அதற்கு அடியில் பென்சில் பெருக்கல் குறி அழியாமல் இருந்தது.

வாசலில் நின்ற பியூன் எட்டிப் பார்த்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி அவரு லீவுல போனப்ப ரெண்டு மாசம் அந்த ஏரியாவையும் நீங்கதான சார் சேர்த்துப் பார்த்தீங்க? தேங்கிக் கிடந்த ஃபைல் எல்லாத்தையும் முடிச்சீங்கன்னு பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சே." அவர் முகத்தைப் பார்த்ததும் பியூன் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது பிரச்சினையா சார்? பழைய ஃபைலு. மழைல நனைஞ்சு போச்சுன்னு எழுதிட்டா யாரு கேக்கப் போறாங்க?"

அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இந்தப் பதிவறையில் எத்தனையோ கோப்புகள் அப்படி நனைந்து போயிருக்கின்றன. ஓவர்சியர் கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கிழித்துப் போடுவதா, கொண்டுபோய்க் காட்டுவதா என்று ஆஸ்பத்திரிப் படி ஏறும்வரை அவருக்கே தெரியாது.

மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் ஊசி, மூக்கில் குழாய். கன்னம் ஒட்டி, முகம் யாருடையதோ போல இருந்தது. அவர் பையைத் திறந்து கோப்பை மனைவியின் மடியில் வைத்தார். அவள் நிதானமாகப் படித்தாள். ஒவ்வொரு வரியையும் படித்தாள்.

"இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா."

"எங்க அண்ணன் வந்து பார்த்தா கௌரவக் குறைச்சல்னு சொன்னீங்க."

அவர் மகளின் போர்வையை இழுத்துவிட்டார்.

"வக்கீல் கையெழுத்து இருக்கு, பேங்க் கையெழுத்து இருக்கு, நகராட்சிக் கையெழுத்து இருக்குன்னு வாங்கினோம். இத்தனை பேரு கையெழுத்து இருந்தும் ஒருத்தரும் பார்க்கல. பார்த்துடலாம்னு கேட்டவ வாயையும் அடைச்சீங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." அவள் கோப்பை மூடி அவரிடமே கொடுத்தாள். "அந்த டிரைவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிடுவேன்."

மகள் பிழைத்தாள். பதினேழு நாளைக்குப் பிறகு ஒரு டாக்டர் அப்படிச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு ஓடக்கூடாது, விளையாடக்கூடாது, இந்த வருஷப் படிப்பு போனது போனதுதான், ஈரல் பழையபடி ஆகுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பதினேழு நாளும் கோப்பு ஓவர்சியரின் பையிலேயே இருந்தது. டிரைவர் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு தடவையும் ஓவர்சியர் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் எவ்வளவு தூரத்துக்குக் கோழை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பதினெட்டாம் நாள் மாலை டிரைவரின் வீட்டுக்குப் போனார். முன்னறையில் ஆணியில் ஒரு சின்னப் புத்தகப்பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் புகார் மனு தயாராக இருந்தது.

"வாங்க சார். பாப்பா நல்லாயிட்டாளாமே, கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு. மத்த அஞ்சு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுது மட்டும்தான் பாக்கி. எங்க போடணும்னு பென்சில்ல குறி போட்டு வெச்சிருக்கேன் பாருங்க."

ஓவர்சியர் அந்தக் குறியைப் பார்த்தார். பிறகு, எடுத்த பேனாவை மூடிவிட்டு, மனுவை முதல் வரியிலிருந்து படித்தார். பதினாறு வருஷத்தில் கையெழுத்துக்கு முன் அவர் முழுசாகப் படித்த முதல் தாள் அதுதான். 'நேரில் பார்க்காமல் பார்த்ததாகச் சான்று அளித்த அதிகாரி யார் எனக் கண்டறிந்து தண்டிக்க வேண்டும்' என்று அதில் இருந்தது. அவர் பையிலிருந்த கோப்பை எடுத்து மனுவின்மேல் வைத்தார்.

"கண்டுபிடிக்கச் சொன்னீங்க. நான்தான் அது."

டிரைவர் சான்றைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். படித்து முடித்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வேற ஏதாவது அவசர வேலையா சார்?"

"இல்ல."

"உடம்பு சரியில்லாம இருந்தீங்களா?"

"இல்ல. ஆபீஸ்லதான் இருந்தேன். டீ குடிச்சுட்டு இருந்திருப்பேன்."

டிரைவர் தலையை ஆட்டினார். மன்னிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார் போலும். கிடைக்கவில்லை. கோப்பை ஒதுக்கிவைத்து, மனுவை அவர் பக்கம் தள்ளினார்.

"படிச்சுட்டீங்கல்ல. போடுங்க."

ஓவர்சியர் பென்சில் குறியின்மேல் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, 'மேலே கூறிய அதிகாரி நானே' என்றும் எழுதினார். இந்தத் தடவை வழக்கமான வால் வளையவில்லை. டிரைவர் மனுவை மடித்து, மகனின் புத்தகப்பையில் பத்திரமாக வைத்தார்.

"என் புள்ளையைப் பொய் சொல்றான்னு திட்டிட்டேன் சார். அவன் நெஜம்தான் சொன்னான். பார்க்காததைப் பார்த்தேன்னு நீங்க எழுதினதுதான் பொய்யி. நேர்ல பார்த்தேன்னு எழுதணும்னா போய்ப் பார்க்கணும். போக முடியலன்னா எழுதக்கூடாது. ரெண்டுல ஒண்ணு, அவ்வளவுதான் வேலை. இதை உங்களுக்குச் சொல்றதுக்கு, புள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தன் வர வேண்டியிருக்கே சார்."